பிள்ளைக்கு வாசித்த பாடம்

ஒரு கேள்விக்கு ஒரு விடையோடு அவர் நிறுத்தி நான் கேட்டதில்லை. எங்கள் ஒழுங்கைக்குள் வீடு வீடாக மீன் கொண்டுவருபவர், "இப்பதான் ஆத்துல இருந்து ஏத்தின மீன் காக்கா" என்று சத்தியம் பண்ணுவார். ஊருக்கெல்லாம் காக்கா, அதாவது அண்ணன், ஆன இவர், "சரி, அது ஒரு பக்கம். நேத்து மிஞ்சினது இதுக்குள்ள எத்தின கிடக்கு? அடுத்த பக்கத்தையும் சொல்லு" என்பார். மீன்காரர் சிரித்துவிட்டு உண்மையைச் சொல்வார். உண்மையைக் கேட்ட பிறகும் இவர் அந்த மீனைத்தான் வாங்குவார்.

அவர் ஊர்காவல் படையில் இருந்தார். பொலிஸ் ஒரு சொட்கன் துவக்கைக் கொடுத்து, சொந்த ஊரைத் தானே காவல் காக்கச் சொன்ன ஆட்களில் ஒருவர். ஓட்டமாவடிக்கு அப்பால், வயல் பக்கமாக எங்கள் ஊர் முடிகிற இடத்தில் மண் நிரப்பிய பரல்கள், மூட்டைகள், மேலே ஒரு தகரம். அதுதான் சென்றி, காவலரண். அதற்கும் எங்கள் வளவுக்கும் இடையில் ஒரு கிடுகு வேலி மட்டும்தான். அவரோடு காவல் நின்ற மற்றவர்கள் அவரைச் சீண்டிக்கொண்டே இருப்பார்கள். "காக்கா, எல்லாத்துக்கும் ரெண்டு பக்கம் பாக்காதீங்க. துவக்குக்கும் ரெண்டு பக்கம்தான். ஒரு பக்கத்தாலதான் சுடலாம்." அவரும் சேர்ந்து சிரிப்பார். பிறகு மெதுவாக, "மத்தப் பக்கம் நம்மட தோளில இடிக்குமேடா" என்பார்.

அவருடைய வயல் தமிழ் ஊர்களுக்கு நடுவில் இருந்த பெரிய வயல்வெளி வட்டைக்குள் கிடந்தது. சண்டையால் அங்கே போக முடியாமல் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அந்த வயலைப் பங்குக்குச் செய்த தமிழருக்கு எங்கள் பக்கம் வர முடியவில்லை. இவருக்கு மூன்று பெண்பிள்ளைகள். வேறு தொழில் இல்லாததால் துவக்கைத் தூக்கினார். உயர்தரம் பாஸ் பண்ணியும் பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி போதாமல் போனவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். வெளிவாரிப் பட்டத்துக்குப் பதிந்திருந்தார். பட்டம் எடுத்தால் ஆசிரியர் நியமனம் கிடைக்கும். படையிலிருந்து விலகும்போது பொலிஸ் ஒரு நற்சான்றுக் கடிதம் தரவேண்டும். இந்த இரண்டு கடதாசிகள்தான் அவருக்கு வேண்டியிருந்தன. "பட்டம் கையில வந்த அண்டைக்கு இந்தச் சனியனைப் பொலிஸ் மேசையில வச்சிப் போட்டு வந்திருவன்" என்று தன் பெண்சாதியிடம் சொல்வாராம்.

நானும் அதே பட்டத்துக்குத்தான் பதிந்திருந்தேன். கலியாணம் முடிந்து, மகள் பிறந்து ஆறு மாதம். சனிக்கிழமைக் கருத்தரங்குகளுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறாவூருக்குப் போக முடியாது. வாழைச்சேனையில் புடவைக் கடை வைத்திருக்கும் என் கணவர் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. படி என்று சொன்னாரா என்று இப்போது யோசித்தால் அதுவும் ஞாபகம் இல்லை. சனிக்கிழமைகளில் காவல்காரக் காக்கா போவார். வரும்போது டியூட் என்கிற பாடக்குறிப்புக் கட்டை என் கணவரின் கடையில் கொடுத்துவிட்டுப் போவார். அதில் விளங்காத இடங்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் சிறிய கேள்விக்குறி போட்டிருப்பார். பல பக்கங்களில் வாசகத்தைவிடக் கேள்விக்குறிகள் அதிகம்.

இந்த வாசிப்பு ஏற்பாடு எப்படி வந்தது என்று யாரும் பேசி முடிவெடுக்கவில்லை. காவலில் நிற்கிறவர் கையில் புத்தகம் இருக்கக் கூடாது. கண் ரோட்டில் இருக்க வேண்டும். ஆனால் காது சும்மாதானே இருக்கிறது. நான் பின்னேரங்களில் வேலியோரம் ஏணை கட்டி மகளை ஆட்டிக்கொண்டு பொருளியல் டியூட்டைச் சத்தமாக வாசிப்பேன். பிள்ளையைத் தூங்கவைக்கத்தான் அப்படி வாசிக்கத் தொடங்கினேன். தாலாட்டை நிறுத்தினால் விழித்துவிடுகிறாள். எனக்கோ படிக்க வேறு நேரம் இல்லை. ஒருநாள் வேலிக்கு அங்கால் இருந்து அவருடைய குரல் வந்தது: "மகள், அந்த ரெண்டாவது காரணத்தை உம்மா சரியா வாசிக்கல்ல போல. திருப்பி வாசிக்கச் சொல்லுங்க."

கணவரின் உம்மா, என் மாமி, ஏணைக்குப் பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் மாமியைப் பார்த்தேன். மாமி சுளகை நிறுத்தாமல், "நீ பிள்ளைக்கு வாசிக்கிறாய். வேலிக்கு அங்கால ஆரு நிண்டா நமக்கென்ன?" என்றார்.

அன்றிலிருந்து அதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். நான் பிள்ளைக்கு வாசிக்கிறேன். அவர் பிள்ளையிடம் கேட்கிறார். "மகள், டிமாண்ட் எண்ட கேள்விக் கோடு ஏன் கீழ சாயிதெண்டு உம்மாட்டக் கேளுங்க." நான் மகளுக்குச் சொல்வேன்: "விலை கூடினா ஆக்கள் குறையத்தானே வாங்குவாங்க, தங்கம்." அங்கால் இருந்து, "அது ஒரு பக்கம் மகள். விலை கூடக் கூட இன்னும் கூடுமெண்டு பயந்து கூட வாங்குவாங்களே. சண்டை தொடங்கின கிழமை சீனிக்கு நடந்தது அதுதானே?" மகள் விரலைச் சூப்பிக்கொண்டு பொருளியலைக் கேட்டுத் தூங்கிவிடுவாள். தண்ணீர் எடுக்கப் போகும் பெண்கள், "உன்ட மகள் பல்லு முளைக்க முந்திப் பட்டதாரியாகிருவாள்" என்று கேலி பண்ணுவார்கள். ஒழுங்கை முழுவதற்கும் தெரியும். ஒழுங்கை முழுவதும், நான் பிள்ளைக்குத்தான் வாசிக்கிறேன் என்று சொல்லும். மாமி சொல்வார், கணவர் சொல்வார். நானும் அதை நம்பினேன். இப்போதும் பாதி நம்புகிறேன்.

காக்கா எழுதும் கட்டுரைகளில் முடிவுரை இருக்காது. டியூட்டோடு சில நேரம் அவர் எழுதிய விடைத்தாளும் வரும். ஒரு பக்கம் நாலு பந்தி, மறுபக்கம் நாலு பந்தி, பிறகு வெறும் தாள். நான், "மகள், முடிவு சொல்லாட்டி மார்க்ஸ் வெட்டுவாங்க" என்றேன். வேலிக்கு அங்கால் இருந்து, "தெரியும் மகள். முடிவு எழுதக்குள்ள மத்தப் பக்கத்து ஆள் முன்னுக்கு வந்து நிக்கிற மாதிரி இரிக்கி" என்றார்.

ஒருநாள் பகலில் ஒரு தமிழ்ப் புருசனும் பெண்சாதியும் வயல் வழியாக வந்தார்கள். பெண்ணின் கையில் துணியால் சுற்றிய ஒரு பிள்ளை. காய்ச்சல் என்றும் வாழைச்சேனை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றும் கெஞ்சினார்கள். மற்ற இரண்டு காவல்காரரும் துவக்கை நீட்டி, திரும்பிப் போகச் சொன்னார்கள். போன மாதம்தான் எங்கள் ஊரில் இரண்டு மையித்து அடக்கியிருந்தோம். ஒருவர் கத்தினார்: "அது பிள்ளைதானெண்டு ஆருக்குத் தெரியும்?" இவர் போய் அந்தத் துணியைத் தன் கையால் விலக்கிப் பார்த்தார். பிறகு துவக்கை மற்றவரிடம் கொடுத்துவிட்டு, அவர்களுக்கு முன்னால் நடந்து ரோட்டுவரை கொண்டுபோய் விட்டார். நான் வேலி இடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் துணியை விலக்கிய நேரம் என் மகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன். அந்தத் தாயைப் பற்றி எனக்கு இரக்கம் வந்தது இரவு சோறு தின்னும்போதுதான். பயம் முந்தியும் இரக்கம் பிந்தியும் ஏன் வந்தது என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இனி அந்த உமி மூட்டையைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் ஊரில் ஒரு நெல் ஆலை இருக்கிறது. பின்னேரங்களில் உமி மூட்டை கட்டிய சைக்கிள்கள் அங்கும் இங்கும் போகும். அடுப்புக்கும் செங்கல் சூளைக்கும் உமி. நெல் வியாபாரிகள் மூட்டையில் குத்தி மாதிரி எடுக்கும் குத்தூசி ஒன்று சென்றியில் தொங்கும். வருகிற மூட்டை ஒவ்வொன்றிலும் அதைக் குத்திப் பார்க்க வேண்டும். அவர் நாலு இடத்தில் குத்துவார். மற்றவர்கள் ஒரு இடத்தில்.

அன்று பின்னேர அசர் தொழுகைக்கு மற்றவர்கள் போயிருந்தார்கள். அவர் தனியே நின்றார். நான் வாசித்துக்கொண்டிருந்தது விலைக் கட்டுப்பாடு பற்றிய பாடம். "மகள், அந்தப் பந்தியைத் திருப்பி வாசிக்கச் சொல்லுங்க" என்றார். வாசித்தேன். ஒரு சைக்கிள் மணி கேட்டது. அவர் திருப்பி வாசிக்கச் சொல்ல முந்தியா, நான் திருப்பி வாசிக்கும்போதா? முந்தி என்றால் அவர் பார்த்திருப்பார். பிந்தி என்றால் நான்தான் வாசித்து அவர் கவனத்தை இழுத்துவைத்திருந்தேன். எத்தனையோ தரம் அந்தப் பந்தியை வாய்க்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். மணி ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு இடத்தில் கேட்கிறது.

அடுத்த நாள் காலை சந்தைக்குப் பின்னால், பிள்ளைகள் பந்தடிக்கும் இடத்தில், ஒரு உமி மூட்டை தனியே கிடந்தது. உமிக்குள் குண்டு. பிள்ளைகளின் பந்து மூட்டையில் போய் முட்டி நின்றதாம். வெடிக்கவில்லை. ஆமி வந்து எடுத்துக்கொண்டு போனது. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி அவருடைய கடைசி மகள்.

விசாரணையில் அவர் எதையும் மறைக்கவில்லை. காவலில் நின்ற நேரம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தேன், யோசித்துக்கொண்டிருந்தேன், ஒரு மூட்டையைக் குத்தாமல் விட்டிருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். அதை உறுதிப்படுத்த இரண்டு பொலிஸ்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பெரியவருக்குத் தமிழ் வராது. மற்றவர் மொழிபெயர்த்தார். கணவர் கடையைப் பூட்டிவிட்டு வந்து என் கதிரைக்குப் பின்னால் நின்றார்.

"அந்த மனிசன் சொல்றாரு, நீங்க அவருக்குப் பாடம் வாசிச்சிட்டு இருந்தீங்களாம். சரியா?"

நான் வாய் திறக்க முந்தி மாமி எழும்பினார். "என்ட மருமகள் அந்நிய ஆம்பிளைக்கு வாசிக்கிறவளா? பிள்ளைக்கு வாசிப்பாள். வேணுமெண்டா ஒழுங்கையில கேட்டுப் பாருங்க."

"அவங்க சொல்லட்டும் உம்மா. அவருக்கு வாசிச்சீங்களா?"

"இல்ல" என்றேன். "நான் ஒருநாளும் அவருக்கு வாசிச்சதில்ல."

பொலிஸ்காரர் சிங்களத்தில் ஒரு வரி எழுதினார். ஒரே வரி. பிள்ளைக்கு வாசித்ததையும் எழுதினாரா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. கையெழுத்து வைத்தேன். அவர்கள் போன பிறகு மாமி எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். வழக்கமாக நான்தான் அவருக்கு ஊற்றிக் கொடுப்பது.

அந்த வரியைப் பொலிசில் காக்காவுக்கு வாசித்துக் காட்டினார்களாம். பாடம் கேட்டது பொய் என்றால் மூட்டையை ஏன் விட்டாய், ஆருக்காக விட்டாய் என்று கேட்டிருக்கிறார்கள். ஒழுங்கையில் எவரைக் கூப்பிட்டாலும் உண்மை வந்திருக்கும். அவர் கூப்பிடச் சொல்லவில்லை. அவரோடு காவல் நின்ற ஒருவர் பிறகு கடைக்கு வந்து என் கணவரிடம் சொன்னார்: "காக்கா கொஞ்ச நேரம் பேசாம நிண்டாரு மச்சான். மறுகா, அந்த வீட்டுப் பொம்புள சொல்றதுதான் சரி எண்டாரு. எல்லாத்துக்கும் ரெண்டு பக்கம் பேசுற மனிசன், அண்டைக்கு ஒரே பக்கம்."

துவக்கை வாங்கிவிட்டார்கள். வேண்டுமென்று விட்டதற்குச் சாட்சி இல்லாததால் அடைக்கவில்லை. 'கடமை தவறினார், பொய்க் காரணம் கூறினார்' என்று எழுதி விலக்கினார்கள். அவர் ஆலையில் நெல் அவிக்கும் கிடங்கு வேலைக்குப் போனார். வேலிக்கு அங்கால் வேறு ஆட்கள் நின்றார்கள். நான் ஏணையை வீட்டுக்குள் கட்டினேன். வாசிப்பதை மனதுக்குள் வைத்துக்கொண்டேன். மகள் பல நாள் தூங்க மறுத்து அழுதாள்.

நான் சொன்னது பொய்யா? ஒழுங்கையில் நூறு தரம் சொன்ன வசனத்தைத்தான் பொலிசுக்கும் சொன்னேன். கணவரிடம் ஒருநாள் கேட்டேன். "நீ பொய் சொல்லல்ல" என்றார். பிறகு, "இதை இனிக் கதைக்காத" என்றார். பொய் இல்லையென்றால் ஏன் கதைக்கக் கூடாது என்று கேட்கவில்லை. காக்காவின் பெண்சாதி தண்ணீருக்கு வரும்போது முன்போலவே சிரிப்பார். அது எனக்கு இன்னும் குழப்பமாக இருந்தது.

அவர் படிப்பை விடவில்லை. பொலன்னறுவை வழியாகக் கண்டிக்குப் பரீட்சைக்குப் போன பஸ்ஸில் அவர் முன் சீட்டில் இருந்தார். பின்னால் நான், கணவர், மகள். வழியில் எத்தனை இடத்தில் இறக்கிச் சோதித்தார்களோ அத்தனை இடத்திலும் அவர் கையை உயர்த்தி நிற்பதைப் பார்த்தேன். சோதிக்கிறவராக நின்றவர் சோதிக்கப்படுகிறவராக நிற்கும்போதும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இரண்டு பேரும் பாஸ் பண்ணினோம். அவருக்கு என்னைவிட நல்ல பெறுபேறு. கடைசியில் முடிவுரை எழுதப் பழகியிருக்கிறார் என்று நினைத்தேன்.

ஆசிரியர் நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சை மட்டக்களப்பு டவுனில். இரண்டு பேருக்கும் ஒரே நாள். அப்போது மகளுக்கு நாலு வயது. இரண்டாவது பிள்ளை வயிற்றில். அவர் எனக்கு முந்தி உள்ளே போனார். கன நேரம் இருந்தார். வெளியே வந்து யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

நடுவில் இருந்தவர் வயதான ஒரு தமிழ் அம்மா. என் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பாடத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். பிறகு வேறொரு கோப்பைத் திறந்தார்.

"உங்கட ஊர் ஆள் ஒருத்தர் இப்ப வந்திட்டுப் போனவர். இந்தப் பொலிஸ் அறிக்கையில உங்கட பேர் கிடக்கு."

அந்தக் கோப்பை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இஞ்ச பாருங்க பிள்ள. காவல் நேரத்தில படிச்சவர் எண்டா அது கவனக் குறைவு. பிழைதான். ஆனா எங்களால மேல எழுதிப் போட்டு எடுக்கலாம். காவல் நிண்டுகொண்டு ஒருத்தன் பட்டம் படிச்சிருக்கிறானெண்டா பள்ளிக்கூடத்துக்கு அப்பிடி ஆள்தானே வேணும். 'பொய்க் காரணம்' எண்டு இரிக்கிறதுதான் கரைச்சல். அது உங்கட வாக்குமூலத்தால வந்தது. நான் திருப்பிக் கேக்கிறதுக்குக் காரணம் இரிக்கு. அண்டைக்கு நீங்க வாசிச்சனீங்களா, இல்லையா?"

ஓம் என்று சொன்னால் பொலிசுக்குப் பொய் சொன்னவள் ஆகிறேன். அப்படிப்பட்டவளுக்கு நியமனம் தருவார்களா? கணவர் வெளியே மகளோடு நிற்கிறார். அவர் என்ன சொல்வார், மாமி என்ன சொல்வார்? இல்லை என்று சொன்னால் காக்காவின் கதை இந்த மேசையிலேயே முடிந்தது. வாசித்தேன், ஆனால் பிள்ளைக்கு வாசித்தேன் என்று விளக்கலாம். இந்த அம்மாவுக்கு விளங்கும். அந்த முகத்தைப் பார்த்தால் விளங்கும் போலத்தான் இருந்தது. மணி முந்தியா பிந்தியா என்று கேட்டால்?

"கன காலம், மிஸ்" என்றேன். "எனக்குச் சரியா ஞாபகம் இல்ல."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் இன்னும் ஏதோ சொல்லப் போகிறேன் என்று நினைத்தார் போல. நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு கோப்பை மூடினார். "சரி பிள்ள, போங்க" என்றார்.

எனக்கு நியமனக் கடிதம் வந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இப்போது வர்த்தகமும் பொருளியலும் படிப்பிக்கிறேன். அவருக்குக் கடிதம் வரவில்லை. ஆனால் அது மூன்று மாதத்துக்குப் பிந்திய கதை. அன்று நான் வெளியே வந்தபோது அவர் கேற்றடியில் நின்றார். கணவர் மகளுக்குச் சர்பத் வாங்கிக் கொடுக்க எதிர்ப் பக்கம் போயிருந்தார்.

"எப்பிடித் தங்கச்சி? உங்களுக்குச் சரிவரும் போலயா?"

"தெரியா காக்கா."

"ஒரு விசயம் கேக்கோணும். அதுக்குத்தான் நிண்ட." குரலைத் தாழ்த்தினார். "என்ட ஃபைல்ல உங்கட பேர் இரிக்கி. அந்த அம்மா அதைத் தோண்டத் தொடங்கினா. உங்களக் கூப்பிட்டும் கேப்பாங்களெண்டு எனக்குப் பயம் வந்திட்டு. நீங்க ஓம் எண்டா உங்கட தலையில விழும். அதால நானே சொல்லிப் போட்டன், அண்டைக்கு வாசிப்புமில்ல ஒண்டுமில்ல, நித்திரை தூங்கிப் போனன், வெக்கத்தில பொய் சொன்ன எண்டு. அந்த அம்மா நம்பின மாதிரித் தெரியல்ல. ஆனா எழுதிக்கிட்டா." என் முகத்தைப் பார்த்தார். "உங்களிட்ட ஒண்டும் கேக்கல்லதானே?"

எதிர்ப் பக்கத்திலிருந்து மகள் என்னைக் கண்டு கையசைத்தாள். கணவர் அவளுடைய கையைப் பிடித்து, வாகனம் வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்ல காக்கா" என்றேன். "ஒண்டும் கேக்கல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தார். அவ்வளவு நிம்மதியான ஒரு முகத்தை அதற்கு முந்தியும் நான் கண்டதில்லை, பிந்தியும் கண்டதில்லை.